டிரம்ஸை எப்படிக் கேட்பது? காதைப் பழக்கும் சில ஆல்பங்கள்

நல்ல டிரம்மர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் வேகமாக அடிப்பவரை, அல்லது நீண்ட தனி வாசிப்பில் கூட்டத்தை எழுப்பி நிறுத்துபவரைத்தான் சொல்வார்கள். அது தப்பில்லை. ஆனால் டிரம்மர்கள் தங்களுக்குள் பேசிக் கொண்டாடும் பதிவுகளை எடுத்துக் கேட்டால், பலவற்றில் தனி வாசிப்பே இருக்காது. பாட்டு முழுக்க ஒரே தாளக்கட்டுதான் ஓடும். அதைக் கேட்டுவிட்டு ‘இந்த மனுஷன் எப்படி இதை வாசித்தார்’ என்று வியந்துபோவார்கள்.

அவர்களுக்குக் கேட்பது நமக்கும் கேட்க வேண்டுமானால், மொத்தமாக வந்து விழும் சத்தத்தைக் கை கையாக, கால் காலாகப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். அதற்கு இசைப் பயிற்சி எதுவும் தேவையில்லை. நான்கு வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஹெட்ஃபோன் மட்டும் கட்டாயம் வேண்டும். ஃபோன் ஸ்பீக்கரில் காலால் அடிக்கும் பெரிய டிரம் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும், அது இல்லாமல் இங்கே சொல்லப்போகும் எதுவும் புரியாது.

முதலில் டிரம் செட். பல தாள வாத்தியங்களை ஒரே ஆள் உட்கார்ந்த இடத்தில் வாசிக்கும்படி சேர்த்து வைத்த ஏற்பாடு அது. முன்பு வாத்தியக் குழுக்களில் பேஸ் டிரம் என்ற அந்தப் பெரிய டிரம்முக்கு ஒருவர், ஸ்னேர் என்ற சின்ன டிரம்முக்கு ஒருவர், சிம்பல் என்ற உலோகத் தட்டுக்கு ஒருவர் என்று ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1909-ல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் விரைவாக வாசிக்கத் தோதான பேஸ் டிரம் பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, ஒரு காலே பேஸ் டிரம்மைப் பார்த்துக்கொண்டது. 1920களின் கடைசியில் ஹைஹாட் என்ற இரட்டைச் சிம்பல் வந்து இடது காலுக்கும் வேலை கொடுத்தது.

ஆக, வலது கால் பேஸ் டிரம், அதாவது கிக். அடிவயிற்றில் உணரும் ‘தும்’ அதுதான். இடது கால் ஹைஹாட்டின் இரண்டு தட்டுகளையும் மூடித் திறக்கிறது. வலது கை பெரும்பாலும் அந்த ஹைஹாட்டிலோ ரைடு என்ற பெரிய சிம்பலிலோ ஓடிக்கொண்டே இருக்கும். இடது கை ஸ்னேர், அதாவது பளீரென்று வெடிக்கும் ‘டக்’. இவை போகச் சுற்றிலும் டாம் என்ற டிரம்களும், அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பல்களும்.

ராக், பாப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு எளிய அமைப்பின் மேல் நிற்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர், நடுநடுவே ஹைஹாட். இதைத் தொடையில் தட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். பிறகு நான்கு நிமிடம் துளியும் வேகம் கூடாமல், குறையாமல் அதையே தட்டிப் பாருங்கள். ஒரு டிரம்மருக்குச் சம்பளம் எதற்காக என்பது அப்போது புரியும்.

இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு புதிதாக என்ன செய்யலாம் என்று காட்டியவர் பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார். அவரைச் சாதாரண வாசிப்பாளர் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ‘அபே ரோடு’ (1969) ஆல்பத்தின் முதல் பாட்டான ‘கம் டுகெதர்’ எடுங்கள். பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே டாம்களில் உருண்டு வரும் அந்தத் தாளக்கட்டு, பாட்டின் முகமாகவே ஆகிவிட்டது. ரிங்கோ இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் வலது கைக்காரருக்கான அமைப்பில் உட்கார்ந்து வாசித்தார். அதனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே டிரம்களில் ஓடி வரும் சின்னச் சின்ன நிரப்பல்கள் (டிரம்மர்கள் ஃபில் என்பார்கள்) மற்றவர்கள் போகும் வழியில் போகாமல் வேறு மாதிரி வந்து விழுகின்றன. அதே ஆல்பத்தில் ‘தி எண்ட்’ பாட்டில் ஒரு குட்டித் தனி வாசிப்பு இருக்கிறது. பீட்டில்ஸ் ஆல்பங்களில் அவர் ஒத்துக்கொண்ட ஒரே தனி வாசிப்பு அது.

இன்னும் எளிமையாகவும் வாசிக்கலாம். வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மோ டக்கர் நின்றுகொண்டே, பேஸ் டிரம்மைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடிப்பார். சிம்பலைப் பெரும்பாலும் தொடவே மாட்டார். 1967-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் வேறு யாரை உட்கார வைத்தாலும் பாட்டு கெட்டுப்போயிருக்கும்.

சரி, இப்போது காதை ஸ்னேருக்குக் கொண்டு போவோம்.

ஸ்னேரில் உரக்க விழும் அடி மட்டும்தான் நமக்கு முதலில் கேட்கும். அந்த அடிகளுக்கு நடுவே குச்சி தோலை லேசாகத் தொட்டுப் போகும் மெல்லிய அடிகள் உண்டு. அவற்றுக்கு கோஸ்ட் நோட் என்று பெயர். தனியாகக் கவனித்தால் ஒழிய காதில் படாது, ஆனால் எடுத்துவிட்டால் பாட்டு மொட்டையாகிவிடும். உடம்பைத் தானாக ஆட வைக்கும் அந்த ஓட்டத்தை குரூவ் என்கிறார்கள். அதில் பாதி வேலையைச் செய்வது இந்தக் கேளா அடிகள்தான்.

இதைக் கற்க ஒரே ஒரு பதிவு போதும் என்றால் நான் சொல்வது ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’. 1969 நவம்பரில் பதிவாகி 1970-ல் வெளிவந்தது. வாசித்தவர் கிளைட் ஸ்டபுள்ஃபீல்டு. டென்னசியின் சட்டனூகாவில் வளர்ந்த அவர் முறையாக யாரிடமும் கற்றவர் அல்ல. ஊரின் தொழிற்சாலை இயந்திரங்களும் ரயில்களும் எழுப்பிய சத்தத்தின் ஒழுங்கைக் காதில் வாங்கி வாசிக்கப் பழகியவர். பாட்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் பிரவுன் மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டு டிரம்மருக்கு இடம் விடுகிறார். அப்போது அவர் சொல்வதைக் கவனியுங்கள்: தனி வாசிப்பெல்லாம் வேண்டாம், இப்போது வாசித்துக்கொண்டிருப்பதை விடாமல் வாசி என்கிறார். ஸ்டபுள்ஃபீல்டும் அப்படியே செய்கிறார். ஹைஹாட் அவசரமே இல்லாமல் ஓடுகிறது. அவ்வப்போது சட்டென்று திறந்து மூடுகிறது. ஸ்னேரின் பெரிய அடிகளுக்கு நடுவே மெல்லிய அடிகள் சலசலவென்று வந்துகொண்டே இருக்கின்றன.

பதினைந்து இருபது ஆண்டு கழித்து ஹிப்ஹாப் கலைஞர்கள் அந்தச் சில வினாடிகளை வெட்டி எடுத்து நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமாக்கினார்கள். பப்ளிக் எனிமியின் ‘ஃபைட் தி பவர்’ (1989) அவற்றில் ஒன்று. பாட்டை எழுதியவர் பட்டியலில் ஸ்டபுள்ஃபீல்டின் பெயர் இல்லாததால் அந்தப் பயன்பாடுகளில் இருந்து அவருக்கு உரிமைத்தொகை வரவில்லை. தாளத்தைப் பாட்டின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுக்காத ஏற்பாடு அது; நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. 1986-ல் வந்த ‘இன் தி ஜங்கிள் குரூவ்’ என்ற தொகுப்பில் இந்தப் பாட்டை முழு நீளத்தில் கேட்கலாம்.

இதே கதைதான் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ (1969) பாட்டுக்கும். கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த நான்கே நான்கு பார், அதாவது நாலு தடவை நான்கு எண்ணும் நேரம். அதை வெட்டியும் வேகப்படுத்தியும் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே உருவாயின. அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்து, அடியின் ஒலி. ஒரே தாளக்கட்டை இரண்டு பேர் வாசித்தால் இரண்டு விதமாகக் கேட்கும். குச்சி விழும் கனம், தோலின் இறுக்கம், அறையின் அளவு, மைக் வைத்த தூரம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வித்தியாசம். லெட் செப்பலினின் நான்காம் ஆல்பத்தின் (1971) கடைசிப் பாட்டு ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ இதற்கு மிகத் தெளிவான உதாரணம். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய ஆங்கிலேய மாளிகையின் முன்கூடத்தில் ஜான் பான்ஹாமின் டிரம் செட்டைப் போட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மைக்குகளை டிரம் பக்கத்தில் வைக்காமல், மாடிப்படியின் மேல்தளத்தில் இருந்து இரண்டை மட்டும் தொங்கவிட்டார். அதனால் நமக்குக் கேட்பது டிரம்மோடு சேர்ந்து அந்தக் கூடமும் படிக்கட்டும்தான். பான்ஹாம் வாசிப்பதோ சிக்கலே இல்லாத, மெதுவான தாளக்கட்டு. கிக் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கைக்கு ஒரு மயிரிழை பின்னால், முழுக் கனத்தோடு இறங்குகிறது. இதைவிட மெதுவாகவும் பாரமாகவும் ஒரு பாட்டை நடத்திப் போக முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் காலின் வேகம் தெரிய வேண்டுமானால் 1969-ல் வந்த முதல் ஆல்பத்தின் ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’ கேளுங்கள். இரண்டு பெடல் வைத்து வாசித்ததாகத்தான் தோன்றும். ஒரே பெடல்தான்.

பான்ஹாமைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தாளக்கட்டின் பயணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு எண்ணிக்கையையும் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரித்து, முதலையும் மூன்றையும் அழுத்தினால் தத்தித் தத்தி நடக்கும் ஒரு நடை வரும். அதற்கு ஷஃபிள் என்று பெயர். பெர்னார்டு பர்டி என்ற நியூயார்க் டிரம்மர் அதைப் பாதி வேகத்துக்கு இறக்கி, ‘தகிட’வின் நடு எழுத்தில் கோஸ்ட் நோட்டைச் செருகினார். ஸ்டீலி டானின் ‘ஏஜா’ (1977) ஆல்பத்தில் ‘ஹோம் அட் லாஸ்ட்’ பாட்டில் அது சுத்தமாகக் கேட்கும். இரண்டு ஆண்டு கழித்து பான்ஹாம் அதே வகை நடையை ‘ஃபூல் இன் தி ரெயின்’ பாட்டில் தன் கனத்தோடு வாசித்தார். டோட்டோ குழுவின் ஜெஃப் போர்காரோ இந்த இரண்டையும் எடுத்து, கிக்குக்கு போ டிட்லி என்ற ராக் அண்ட் ரோல் கலைஞரின் பாணித் தாளத்தைச் சேர்த்து, ‘டோட்டோ 4’ (1982) ஆல்பத்தின் ‘ரோசானா’வை உண்டாக்கினார். எதை எங்கிருந்து எடுத்தேன் என்று ஒரு பயிற்சி வீடியோவில் அவரே வாசித்துக் காட்டி விளக்குகிறார். மூன்று பாட்டையும் வரிசையாகக் கேட்டால், ஒரு டிரம்மர் இன்னொருவரிடம் கற்பது எப்படி என்று காதாலேயே பார்த்துவிடலாம்.

‘ஏஜா’வை எடுத்ததும் எடுத்தோம், அதன் தலைப்புப் பாட்டையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டீவ் காட் வாசிப்பது. வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோனுக்கு அடியில் டிரம்ஸ் கொந்தளித்து மேலே வருகிறது. ஆனாலும் பாட்டின் தளம் ஆடவில்லை. இதே காட், பால் சைமனின் ‘50 வேஸ் டு லீவ் யுவர் லவர்’ (1975) பாட்டில் ராணுவ அணிவகுப்பு டிரம் வாசிப்பின் சாயலில் ஒரு நுணுக்கமான கட்டை மெதுவான குரலில் வாசிக்கிறார். இரண்டும் ஒரே ஆள் என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆகும்.

இதுவரை எல்லாவற்றிலும் ‘ஒன்று’ என்ற இடத்தில் ஒரு அடி விழுந்தது. ஜமைக்காவின் ரெக்கே இசையில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பேரட் வாசித்த ‘ஒன் டிராப்’ தாளக்கட்டில் நான்கு எண்ணினால் மூன்றில்தான் கிக்கும் ஸ்னேரும் சேர்ந்து விழும். ‘சர்வைவல்’ (1979) ஆல்பத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. முதல் எண்ணிக்கையில் காலைத் தட்டப் பாருங்கள். தரை விலகுவது போல இருக்கும்.

நைஜீரியாவின் டோனி ஆலன் வேறொரு வழி கண்டார். ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச் போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டுப் பழகியவர் அவர். லாகோஸில் ஃபேலா குட்டியோடு சேர்ந்து ஆஃப்ரோபீட் என்ற இசையை உருவாக்கியபோது, நான்கு கை கால்களும் நான்கு தனி வரிகளைப் பேசும்படி வாசித்தார். ‘சோம்பி’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது. முதல் சில நிமிடம் கிக்கை மட்டும் பின்தொடருங்கள், அப்புறம் ஹைஹாட்டை மட்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு பாட்டு மாதிரி இருக்கும்.

எண்ணிக்கை நான்குதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. டேவ் புரூபெக் குவார்ட்டெட்டின் ‘டைம் அவுட்’ (1959) அதற்காகவே எடுத்த ஆல்பம். ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை: ‘தகிட தக’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கேளுங்கள். நடுவில் ஜோ மொரெல்லோ தனியாக வாசிக்கிறார். அடியில் பியானோ அதே ஐந்தை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மொரெல்லோ நிறைய அடிப்பதில்லை. இடம் விட்டு, யோசித்து, அந்த இடைவெளிகளிலும் ஐந்து நம் காதில் ஓடும்படி வாசிக்கிறார். ஆல்பத்தின் முதல் பாட்டு ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’ ஒன்பது எண்ணிக்கை. துருக்கித் தெரு இசைக்காரர்களிடம் புரூபெக் கேட்ட தாளம் அது: ‘தக தக தக தகிட’ என்று மூன்று முறை, நான்காவது முறை ‘தகிட தகிட தகிட’. கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும். ராக்கில் இந்த வழியில் போக விரும்பினால் ரஷ் குழுவின் ‘மூவிங் பிக்சர்ஸ்’ (1981) கேளுங்கள். டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடான ஒய்-ஒய்-இசட் எழுத்துகளின் மோர்ஸ் ஒலிதான் அதில் ஒரு பாட்டின் தொடக்கத் தாளம். ரஷ்ஷின் டிரம்மர் நீல் பியர்ட் உலகப் புகழ் பெற்ற பிறகும், 1990களில் ஃப்ரெடி குரூபர் என்ற ஆசிரியரிடம் போய் வாசிப்பை அடியில் இருந்து மறுபடி கற்றார்.

ஜாஸுக்குள் இன்னும் கொஞ்சம் போகலாம். அங்கே நேரம் காட்டும் வேலை கிக்கில் இருந்து ரைடு சிம்பலுக்கு மாறிவிடுகிறது. ‘டிங், டிங்-க-டிங்’ என்று ஓடும் அந்தச் சிம்பலைக் காதில் பிடித்துக்கொண்டால் மற்ற எதுவும் உங்களைத் தொலைத்துவிட முடியாது. ஸ்னேரும் கிக்கும் விடுதலையாகி, முன்னால் வாசிப்பவரோடு பேச ஆரம்பிக்கின்றன. ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ (1965) ஆல்பத்தில் எல்வின் ஜோன்ஸ் அலை அலையாக மூன்று மூன்று அடிகளை உருட்டி சாக்ஸபோனை மேலே மேலே தூக்குகிறார். மூன்றாம் பகுதியான ‘பர்சுவன்ஸ்’ அவருடைய தனி வாசிப்பில்தான் தொடங்குகிறது.

எனக்கு இதைவிட வியப்பான பதிவு மைல்ஸ் டேவிஸின் ‘நெஃபர்டிட்டி’ (1968). டிரம்மர் டோனி வில்லியம்ஸ், மைல்ஸ் குழுவில் சேர்ந்தபோது வயது பதினேழு. இந்தப் பதிவின்போது இருபத்தொன்று. தலைப்புப் பாட்டை இயற்றியவர் மேலே ‘ஏஜா’வில் பார்த்த அதே வெய்ன் ஷார்ட்டர். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மெட்டைத் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. தனி வாசிப்பு என்று யாருக்கும் ஒதுக்கவில்லை. மெட்டு மாறாமல் நிற்க, அடியில் டிரம்ஸ்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் சிம்பலில் கிசுகிசுப்பு, பிறகு ஸ்னேரில் கேள்விகள், பிறகு டாம்களில் பெரும் சுழல்கள். வழக்கமாகப் பின்னால் இருப்பது முன்னாலும், முன்னால் இருப்பது பின்னாலும் போய்விடுகிறது. இந்தக் கட்டுரையில் இருந்து ஒன்றே ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள் என்பேன்.

காலத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தால் டி’ஆஞ்சலோவின் ‘வூடூ’ (2000). இயந்திரம் போல் துல்லியமாக வாசிக்கக்கூடிய டிரம்மர் குவெஸ்ட்லவ்விடம், வேண்டுமென்றே பின்தங்கி வாசிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். டெட்ராய்ட்டின் ஜே டில்லா என்ற தயாரிப்பாளர் தாள இயந்திரத்தில் அடிகளைச் சரிசெய்யாமல் விட்டு உண்டாக்கிய தள்ளாட்டத்தை மனிதக் கையால் வாசித்த ஆல்பம் இது. ஸ்னேர் இதோ விழப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் விழாது. ஒரு கணம் தாமதித்து விழும். முதல் தடவை கேட்கும்போது யாரோ தவறாக வாசிப்பது போலக்கூட இருக்கும். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தலை தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

தனி வாசிப்பைக் கடைசிக்கு வைத்தது காரணமாகத்தான். கை கால்களைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் வந்த பிறகு அது வேறு மாதிரி கேட்கும். பென்னி குட்மன் குழு 1938 ஜனவரி 16 அன்று கார்னகி ஹாலில் நடத்திய கச்சேரியின் பதிவில் ‘சிங், சிங், சிங்’ பாட்டுக்கு ஜீன் குரூப்பா டாம்களில் வாசிப்பதைக் கேளுங்கள். பின்னால் உட்கார்ந்திருந்த டிரம்மரை மேடையின் நாயகனாக மாற்றியவர்களில் முதல்வர் அவர். ஒரே டிரம் செட்டோடு நில்லாமல் பல நாட்டுத் தாள வாத்தியங்களும் ஒன்றாகப் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ (1991) இருக்கிறது. அதில் ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயகராமின் கடமும் உண்டு. உலக இசைக்கான முதல் கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது.

தனி வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது மேக்ஸ் ரோச்சின் ‘டிரம்ஸ் அன்லிமிடெட்’ (1966). அதில் மூன்று பாட்டுகளில் டிரம்ஸைத் தவிர வேறு வாத்தியமே கிடையாது. ‘தி டிரம் ஆல்சோ வால்ட்ஸஸ்’ என்பதில் தொடங்குங்கள். முதல் தடவை கைகளை மறந்துவிட்டுக் கால்களை மட்டும் கேளுங்கள்: ஒன்றில் கிக், இரண்டிலும் மூன்றிலும் ஹைஹாட், கடைசிவரை மாறாது. அந்த மூன்றை நீங்களும் காலால் தட்டிக்கொண்டு, இரண்டாவது தடவை கைகள் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள்.